ஜோஷுவா ட்ரீல ராத்திரி எங்க தூங்குறது? காசு குடுக்குற கேம்ப்சைட்டா, இலவச இடமா: புதுசா க்ளைம்பிங் போறவங்களுக்கு

ஜிம்ல ஏறிப் பழகிட்டு முதல் தடவையா நிஜப் பாறையில ஏறக் கிளம்புற நம்ம ஆளுங்க, ஷூ எது வாங்கலாம், ரோப் எத்தனை மீட்டர், ஹெல்மெட் கண்டிப்பா வேணுமான்னு நூறு கேள்வி கேப்பாங்க. ராத்திரி எங்க படுக்கப் போறோம்ங்கிறது மட்டும் வியாழக்கிழமை சாயங்காலம் தான் ஞாபகத்துக்கு வரும். தெற்கு கலிஃபோர்னியாலேர்ந்து ஜோஷுவா ட்ரீ நேஷனல் பார்க் போறதுன்னா அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். அப்ப யாராவது ஒருத்தர் "அட, பிஎல்எம் நிலத்துல சும்மாவே டென்ட் போடலாம்பா, எதுக்குக் காசு"ன்னு சொல்லுவாங்க. (பிஎல்எம்னா பார்க்குக்கு வெளிய இருக்குற மத்திய அரசு நிலம்.) சொல்றது தப்பில்ல, ஆனா அதுல பாதி தான் இருக்கு. மிச்சப் பாதியை வெப்சைட், ரேஞ்சர், பக்கத்து டென்ட்காரங்கன்னு துண்டு துண்டா பொறுக்கி எடுக்க எனக்கு ரொம்ப நாளாச்சு. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்னு தான் மொத்தமா இங்க எழுதுறேன்.

கட்டணம் எல்லாம் அப்பப்ப ஏறிக்கிட்டே இருக்கு, அதனால நான் சொல்ற டாலர் கணக்கை ஒரு அளவுக்கு வெச்சுக்கோங்க, புக் பண்ற பக்கத்துல என்ன போட்டிருக்கோ அது தான் இறுதி.

## 1. தேதியை முதல்ல முடிவு பண்ணுங்க, இடம் அப்புறம்

க்ளைம்பிங் சீசன் அக்டோபர் நடுவுலேர்ந்து ஏப்ரல் வரைக்கும். கோடையில 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிடும், பாறையைத் தொடவே முடியாது, சில கேம்ப்கிரவுண்டையும் மூடிடுவாங்க. அதனால எல்லாரும் அதே ஆறு மாசத்துக்குள்ள தான் வந்து மோதுறாங்க.

இதுல தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் லீவு, ஜனவரி பிப்ரவரியில வர்ற லாங் வீக்எண்ட், மார்ச் ஏப்ரல்ல ஸ்ப்ரிங் பிரேக், இந்தத் தேதிகள்ல புக்கிங் இல்லாம பார்க்குள்ள இடம் கிடைக்கும்னு நினைக்கவே நினைக்காதீங்க. சாதாரண வெள்ளி சனிக்கும் இதே கதி தான். ஞாயிறு மத்தியானத்துலேர்ந்து புதன் வரைக்கும்னா நிலைமையே வேற, அப்ப புக்கிங் இல்லாம, முதல்ல வர்றவங்களுக்கு வரிசைப்படி குடுக்குற கேம்ப்சைட்டே கிடைச்சிடும். ஒரு திங்கள், செவ்வாய் லீவு போட முடியும்னா இந்தக் கட்டுரையில பாதிப் பிரச்சனை உங்களுக்கு இல்ல.

குளிரை லேசா எடுத்துக்காதீங்க. பாலைவனம்னா சூடுன்னு நினைச்சு மெல்லிசான போர்வையோட வர்றவங்களை டிசம்பர்ல பாக்கலாம், காலைல தண்ணி பாட்டில் உறைஞ்சு கிடக்கும். பார்க்ல இருக்குற கேம்ப்கிரவுண்ட்ல ஹிடன் வேலி 4,200 அடி உயரம், இந்தியன் கோவ் 3,200 அடி, அந்த ஆயிரம் அடிக்கே ராத்திரி நல்லா வித்தியாசம் தெரியும். ஜனவரியில போறீங்க, ஸ்லீப்பிங் பேக் சுமாரானதுன்னா இந்தியன் கோவ் தான் பாருங்க.

## 2. காசு குடுக்குற இடம்: ரெண்டு வகை இருக்கு, குழப்பிக்காதீங்க

பார்க்குள்ள மொத்தம் ஏறக்குறைய 500 சைட். அதுல ஜம்போ ராக்ஸ், ரயான், இந்தியன் கோவ், பிளாக் ராக், காட்டன்வுட் இதெல்லாம் ரெக்ரியேஷன் டாட் கவ்ல முன்கூட்டியே புக் பண்ற இடம். ஹிடன் வேலி, பெல், ஒயிட் டேங்க் மூணும் யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு. ராத்திரிக்கு இருபதுலேர்ந்து முப்பத்தஞ்சு டாலருக்குள்ள இருக்கும், தண்ணி வசதி இருக்குற இடத்துக்குக் கொஞ்சம் கூட.

ஒரு சைட்ல அதிகபட்சம் 6 பேர், 2 கார், இடம் இருந்தா 3 டென்ட். இதை முதல்லயே குரூப்ல சொல்லிடுங்க, ஏன்னா நம்ம குரூப்புக்கு ஒரு வழக்கம் உண்டு, நாலு பேர்னு ஆரம்பிச்சு கடைசியில ஒன்பது பேர், நாலு கார்னு வந்து நிக்கும்.

புக்கிங் ஆறு மாசம் முன்னாடியே திறந்துடும், பசிஃபிக் நேரம் காலைல 7 மணிக்கு. நவம்பர் சனிக்கிழமை வேணும்னா மே மாசமே உக்காரணும். அது முடியலைன்னா கவலைப்படாதீங்க, கேன்சல் ஆகுறதுல நிறைய கிடைக்கும். பிளான் பண்ற வாரத்துல காத்து, குளிர் ஃபோர்காஸ்ட்டைப் பாத்துட்டு நிறைய பேர் பின்வாங்குவாங்க, அந்த வெப்சைட்லயே அலர்ட் வெச்சுக்கலாம், செவ்வாய் புதன் கிழமையில அடிக்கடி எட்டிப் பாருங்க. நீங்க கேன்சல் பண்ணா 10 டாலர் பிடிப்பாங்க, போற நாளுக்கு முந்தின நாளோ அன்னைக்கோ பண்ணா முதல் ராத்திரி காசும் போச்சு. அதனால "சும்மா போட்டு வெப்போம்"னு ரெண்டு மூணு சைட் பிடிச்சு வெக்காதீங்க, மத்தவங்களுக்கும் அநியாயம்.

எந்த கேம்ப்கிரவுண்ட்? இங்க தான் க்ளைம்பருக்கும் டூரிஸ்ட்டுக்கும் தேவை மாறும்.

ஹிடன் வேலி தான் க்ளைம்பருங்களோட சொந்த ஊர் மாதிரி. 44 சைட் தான். இன்டர்செக்‌ஷன் ராக் கார் பார்க்கிங் பக்கத்துலயே நிக்குது, ஓல்ட் உமன், பிளாப், சிம்னி ராக்ங்கிற பாறை எல்லாம் டென்ட்லேர்ந்து செருப்போட நடந்து போற தூரம். காலைல காரை ஸ்டார்ட்டே பண்ண வேண்டாம். சீசன்ல சனி, ஞாயிறு காலையில க்ளைம்பர்ஸ் காஃபின்னு ஒண்ணு நடக்கும், க்ளைம்பிங் ரேஞ்சர் காபி போட்டு வெச்சிருப்பாங்க, டம்ளர் மட்டும் நீங்க கொண்டு போகணும், எந்தப் பாறை பறவைக் கூட்டுக்காக மூடியிருக்கு, எந்த ரூட்ல போல்ட் ஆட்டம் காணுதுன்னு எல்லாம் அங்க கேக்கலாம். புதுசா வந்தவங்களுக்கு இதை விட நல்ல இடம் கிடையாது.

ஆனா சைட் பிடிக்கிறது தான் கூத்து. காலைல எட்டு ஒன்பது மணிக்கு கேம்ப்கிரவுண்டைச் சுத்துற லூப் ரோட்ல மெதுவா ஓட்டிக்கிட்டே போய், யாராவது டென்ட் பெக் (தரையில அடிக்கிற ஆணி) பிடுங்குறாங்களான்னு பாத்து, "கிளம்புறீங்களா?"ன்னு கேக்கணும். ஞாயித்துக்கிழமை ஹோட்டல்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கவங்க நாற்காலிக்குப் பின்னாடி போய் நிப்போமே, அதே தான். கூச்சப்படாதீங்க, எல்லாரும் அதைத் தான் பண்றாங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கிளம்புற நேரம் மத்தியானம் 12 மணி வரைக்கும்ங்கிறதால ஒன்பது மணிக்கே சரின்னு சொன்னவங்க பதினொண்ணரைக்கு தான் கிளம்புவாங்க, பொறுமையா இருங்க. இடம் கிடைச்ச உடனே பணத்தைக் கட்டிடுங்க. பின்னால வர்ற ஃப்ரெண்டுக்காக பக்கத்து சைட்ல ஒரு சேர் மட்டும் போட்டு வெக்கிறது செல்லாது.

இன்னொரு வழி, ரெண்டே பேர் இருக்குற சைட்ல போய் "நாங்க ரெண்டு பேர், ஒரு சின்ன டென்ட், பாதிக் காசு தர்றோம், சேந்துக்கலாமா?"ன்னு கேக்குறது. க்ளைம்பருங்க மத்தியில இது ரொம்ப சகஜம். கார் எண்ணிக்கை மட்டும் ரெண்டைத் தாண்டக் கூடாது.

இந்தியன் கோவ்ல 101 சைட், அங்கயும் டென்ட்டை ஒட்டியே பாறை. ஒரு பொறி இருக்கு: இது ஹைவே 62லேர்ந்து தனியா உள்ள போற ரோடு, பார்க்கோட நடுப்பகுதிக்கு உள்ள வழியா போக முடியாது, வெளிய வந்து சுத்திக்கிட்டு தான் போகணும். பிளாக் ராக்கும் அப்படித் தான், யக்கா வேலிங்கிற ஊர் பக்கத்துல தனியா ஒரு மூலையில கிடக்கு. தண்ணிக் குழாய், ஃப்ளஷ் டாய்லெட் எல்லாம் உண்டு, சின்னக் குழந்தைங்களோட போனா நல்லது, ஏறுறதுக்கு டெய்லி கார் எடுக்கணும். ஜம்போ ராக்ஸ் பெருசு, 124 சைட், பாறைகளுக்கு நடுவுல பாக்க அழகு. ரயான் நல்லா அமைதி. காட்டன்வுட் தெற்கு மூலையில இருக்கு, க்ளைம்பிங்குக்குன்னு அங்க தங்குறதுல அர்த்தம் இல்ல.

பார்க்குக்கு வெளிய, ஊருக்குள்ள தனியார் கேம்ப்கிரவுண்டும் உண்டு, ஷவர் இருக்கும், விலை கூட. மழை வந்தா, உடம்பு சரியில்லைன்னா அது ஒரு நல்ல பாதுகாப்பு.

## 3. இலவச இடம்: எங்க தூங்கினா சட்டப்படி சரி

இதை மனசுல பதிய வெச்சுக்கோங்க. பார்க் எல்லைக்குள்ள ரோட்டோரத்துலயோ, பாறைக்கு முன்னாடி இருக்குற பார்க்கிங்லயோ, பிக்னிக் ஏரியாவுலயோ கார்ல தூங்கக் கூடாது. சைட் கிடைக்கலைன்னா அதுக்குன்னு உள்ள ஓவர்ஃப்ளோ இடம் எதுவும் கிடையாது. நடுராத்திரியில ரேஞ்சர் வந்து கண்ணாடியைத் தட்டி டார்ச் அடிப்பாங்க, அப்புறம் ஃபைன், இல்ல ரெண்டு மணிக்கு எழுந்து வெளிய ஓட்டிக்கிட்டு போகணும்.

இலவசம்னா அது பார்க்குக்கு வெளிய, பிஎல்எம்னு சொல்ற மத்திய அரசு நிலம். பொதுவான விதி, 28 நாளுக்குள்ள 14 நாள் வரைக்கும் தங்கலாம், அப்புறம் இடத்தை மாத்தணும்.

தெற்குப் பக்கம் தான் தெளிவானது. ஐ-10 ஹைவேல காட்டன்வுட் ஸ்ப்ரிங்ஸ் ரோடு எக்சிட்ல இறங்கி வடக்கே திரும்பினா, பார்க் போர்டு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் டென்ட், வேன், டிரெய்லர்னு நின்னுக்கிட்டு இருக்கும். ரோட்டை விட்டு உள்ள போகப் போக மணல் ஆழமாயிடும், சாதாரண செடான் கார்னா முதல் நூறு அடியிலயே நிறுத்திடுங்க, மாட்டிக்கிட்டா டோ பண்ற செலவு ஒரு சீசன் கேம்ப் காசை விட ஜாஸ்தி. பக்கத்துல பெட்ரோல், சாப்பாடு வேணும்னா கிழக்கே அடுத்த எக்சிட் சிரியாக்கோ சம்மிட்.

வடக்குப் பக்கம் ஹைவே 62க்கு அந்தப் பக்கம் வறண்ட ஏரிப்படுகையை ஒட்டியும் பிஎல்எம் நிலம் இருக்கு. ஊருக்குக் கிட்ட, க்ளைம்பிங்குக்கும் கிட்ட. ஆனா அங்க தனியார் நிலம் நடுநடுவுல கலந்து கிடக்கு, வேலி இருக்காது, போர்டு இருக்காது, ஆப்ல யாரோ "ஃப்ரீ கேம்பிங்"னு குத்தி வெச்ச புள்ளி ஒருத்தரோட சொந்த மனையா இருக்கும். ஆப்ல இருக்குற கமெண்ட்டை மட்டும் நம்பாதீங்க, நில உரிமை காட்டுற மேப் லேயரைப் போட்டு பிஎல்எம் நிறம் தானான்னு பாருங்க, கிளம்புற வாரத்துல பிஎல்எம் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டு இப்ப திறந்திருக்கான்னு கேளுங்க. வடக்குக்கு பார்ஸ்டோ ஆபீஸ், தெற்குக்கு பாம் ஸ்ப்ரிங்ஸ் ஆபீஸ். இதுக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

இலவச இடத்துல எதுவும் இருக்காது. மேஜை கிடையாது, டாய்லெட் கிடையாது, தண்ணி கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது, காத்தைத் தடுக்க ஒரு பாறை கூட கிடையாது. அந்தக் காத்து இருக்கே, சாயங்காலம் ஆரம்பிச்சா காலி டென்ட்டை பலூன் மாதிரி தூக்கிக்கிட்டு போகும். மணல்ல சாதாரண பெக் நிக்காது, பையில மண்ணை நிரப்பிப் புதைச்சு அதுல கயிறைக் கட்டுங்க. ஏரிப்படுகையில டென்ட் போட்டா அந்த வெள்ளைத் தூசி ரோப்லயும், கேம்னு சொல்ற பாறை இடுக்குல செருகுற கருவியிலயும், சாப்பாட்லயும் ஏறும். மழை மேகம் தெரிஞ்சா படுகையிலயும் சரி, வாஷ்னு சொல்ற காஞ்ச ஓடையிலயும் சரி, படுக்கவே கூடாது, மழை மலையில பெய்யும், தண்ணி இங்க வரும்.

புது இடத்துல செடி மேல டென்ட் போடாதீங்க, ஏற்கனவே யாரோ போட்டுப் போட்டு இறுகின தரையா பாருங்க. இன்னொண்ணு, வெயில் ஏறினா பாலைவன ஆமை கார் நிழல்ல வந்து படுத்துக்கும், அதைத் தொடுறதே குத்தம். காரை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு அடியில பாத்துடுங்க.

## 4. நிஜமான செலவைக் கணக்கு போடுங்க

நாலு பேர், ஒரு கார், வெள்ளி சனி ரெண்டு ராத்திரின்னு வெச்சுக்கலாம். காசு குடுக்குற சைட் ராத்திரிக்கு 25 டாலர்னா மொத்தம் 50.

இலவசம்னு தெற்குப் பக்கம் படுத்தீங்கன்னா ஹிடன் வேலிக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய 50 மைல், ஒரு மணி நேரத்துக்கு மேல. போக வர நாளுக்கு 100 மைல், ரெண்டு நாளைக்கு 200. கேலனுக்கு 30 மைல் குடுக்குற காருக்கு கிட்டத்தட்ட 7 கேலன், கலிஃபோர்னியா விலையில 5 டாலர்னு போட்டா 35 டாலர் பெட்ரோலுக்கே போச்சு. மிச்சம் 15 டாலர், தலைக்கு நாலு டாலர் கூட வரல! அந்த நாலு டாலருக்கு நீங்க குடுக்குறது டெய்லி ரெண்டு மணி நேரத்துக்கு மேல டிரைவிங், காலைல நிழல்ல ஏற வேண்டிய நேரம், டாய்லெட், மேஜை.

பார்க் என்ட்ரி காசு எங்க தூங்கினாலும் ஒண்ணு தான், அது இலவசத்துல மிச்சமாகாது. இதை நிறைய பேர் மறந்துடுறாங்க.

அப்ப இலவசம் யாருக்கு லாபம்? தனியா வேன்ல பத்து நாள், ரெண்டு வாரம்னு தங்குறவங்களுக்கு லாபம், அவங்களுக்குக் கேம்ப் காசு சேந்துக்கிட்டே போகும், அதோட பார்க்குள்ள அக்டோபர் 1லேர்ந்து மே 31 வரைக்கும் மொத்தமே 14 ராத்திரி தான் தங்கலாம்னு விதி வேற இருக்கு. ஏழெட்டு பேரா ரெண்டு மூணு கார்ல போய், புக்கிங் கிடைக்காத பெரிய குரூப்புக்கும் சரி வரும். வெள்ளி ராத்திரி லேட்டா வந்து சும்மா ஆறு மணி நேரம் கண்ணை மூடிட்டு காலைல உள்ள போறவங்களுக்கு ரொம்பவே சரி வரும். வார இறுதிக்கு நாலு பேரா போற ஜிம் குரூப்புக்கு இலவசம்ங்கிறது பேருக்கு தான்.

## 5. கையில இருக்க வேண்டியவை

புக் பண்ண ஆள் யாரோ அவங்க கண்டிப்பா வரணும், அவங்க ஃபோட்டோ ஐடியும் வேணும். புக்கிங் ஒருத்தர் பேர்ல, வர்றது வேற நாலு பேர்னா பிரச்சனை. கன்ஃபர்மேஷனை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, இல்ல ஒரு பிரின்ட். பார்க்குள்ள பெரும்பாலான இடத்துல ஃபோன் சிக்னல் கிடையாது, மெயிலைத் திறந்து காட்டுறேன்னு சொல்ல முடியாது. வரிசைப்படி சைட்டுக்குன்னா ரெக்ரியேஷன் டாட் கவ் ஆப்பை வீட்லயே இறக்கி லாகின் பண்ணி வெச்சுக்கோங்க, அதோட சில்லறை டாலர் நோட்டும் இருக்கட்டும், அங்க எந்த முறையில வாங்குறாங்களோ அதுக்குத் தயாரா இருக்கலாம்.

என்ட்ரி ஒரு காருக்கு 7 நாளைக்கு 30 டாலர். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை போவீங்கன்னா எல்லா நேஷனல் பார்க்குக்கும் செல்லுற ஆனுவல் பாஸ் 80 டாலர். 2026 ஜனவரியிலேர்ந்து அமெரிக்காவுல குடியிருக்காத வெளிநாட்டவருக்கு அதே பாஸ் 250 டாலர் ஆக்கிட்டாங்க. ஊர்லேர்ந்து வந்த அப்பா அம்மா பேர்ல பாஸ் வாங்கலாம்னு கணக்கு போடாதீங்க, இங்க எடுத்த லைசென்ஸ் இருக்குறவங்க பேர்ல வாங்குங்க. பாஸ் மேல கையெழுத்து போட்டு, கேக்கும்போது ஐடியும் காட்டணும். விசாவுல இருக்கவங்க ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு) காப்பி, கிரீன் கார்டு இருக்கவங்க அந்தக் கார்டை எப்பவுமே கூட வெச்சிருக்கணும்னு சட்டம், ட்ரிப்புக்குன்னு வீட்ல விட்டுட்டு வராதீங்க.

அடுத்தது தான் யாருக்கும் தெரியாதது: கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட். பிஎல்எம் மாதிரி இலவச இடத்துல நெருப்பு மூட்டணும்னாலோ, சின்ன கேஸ் அடுப்புல டீ போடணும்னாலோ கூட இது வேணும். ஆன்லைன்ல ஒரு சின்ன வீடியோ பாத்து நாலஞ்சு கேள்விக்குப் பதில் சொன்னா உடனே கிடைக்கும், காசு கிடையாது, அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும் செல்லும். காத்து, வறட்சி அதிகமானா நெருப்பையே தடை பண்ணிடுவாங்க, பெர்மிட் இருந்தாலும் அப்ப செல்லாது. பார்க்குள்ள காஞ்ச குச்சி பொறுக்குறதுக்கும் அனுமதி இல்ல, விறகை ஊர்லயே வாங்கிட்டுப் போங்க.

## 6. தண்ணி

ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 1 கேலன், வெயில்ல ஏறி இறங்குனா 2. நாலு பேர் ரெண்டு நாளைக்கு 16 கேலன், கிட்டத்தட்ட 60 லிட்டர், நாலு ஜிம் பையோட சேத்து டிக்கியில எடை எவ்வளவுன்னு பாத்துக்கோங்க. ஹிடன் வேலி, ரயான், ஜம்போ ராக்ஸ், பெல், ஒயிட் டேங்க்ல ஒரு சொட்டு கிடையாது, காசு குடுத்ததால குழாய் இருக்கும்னு நினைக்கிறது தான் புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு. வெஸ்ட் என்ட்ரன்ஸ்ல, இந்தியன் கோவ் ரேஞ்சர் ஸ்டேஷன்ல, பிளாக் ராக், காட்டன்வுட்ல நிரப்பிக்கலாம். பார்க்குள்ள பெட்ரோல் பங்கும் இல்ல, கடையும் இல்ல, யக்கா வேலியில எல்லாத்தையும் முடிச்சிட்டு உள்ள போங்க.

சமையலை யோசிச்சு பண்ணா தண்ணியில பாதி மிச்சம். நான் வெள்ளிக்கிழமை கிளம்பும்போது புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கிட்டு போயிடுவேன், பாத்திரமே விழாது. எண்ணெய்ப் பாத்திரம் ஒண்ணு விழுந்தாலும் ஒரு லிட்டர் போகும், அந்தத் தண்ணியைச் செடிக்கடியில ஊத்தவும் கூடாது. டிஷ்யூவால துடைச்சு, குப்பைப் பையில போட்டு, கடைசியா ரெண்டு கை தண்ணி. சாப்பாட்டை ராத்திரி மேஜை மேல விடாதீங்க, கொயோட்டி வரும், காக்கா சைஸ்ல ரெண்டு மடங்கு இருக்குற ரேவன் பை ஜிப்பைக் கூட திறந்துடும். வறட்சியான மாசத்துல தேனீ ஈரத்தைத் தேடி வரும், தண்ணி கேனை மூடியே வெயுங்க.

## 7. கக்கூஸ் விஷயம்

பேச வெக்கமா இருக்கும், ஆனா காசா இலவசமாங்கிறதை நிறைய பேருக்கு இது தான் முடிவு பண்ணுது. பார்க் கேம்ப்கிரவுண்ட்ல குழி டாய்லெட் இருக்கு, நாத்தம் இருந்தாலும் கதவு இருக்கு, பெரும்பாலும் பேப்பரும் இருக்கு. இலவச இடத்துல சமதரை, ஒளிய ஒரு புதர் கூட சரியா இருக்காது, சுத்தி இருபது வேன். பொண்ணுங்களோட, பெரியவங்களோட போறீங்கன்னா இதை அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, ராத்திரி பத்து மணிக்கு அங்க போய் நின்னு சொல்லாதீங்க.

வாக் பேக்னு ஒரு பை க்ளைம்பிங் கடையில கிடைக்கும், உள்ள ஒரு பவுடர் இருக்கும், எல்லாத்தையும் கட்டி எடுத்துக்கிட்டு ஊர்க் குப்பையில போட்டுடலாம். ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க. மண்ணுல தோண்டித் தான் ஆகணும்னா அரை அடிக்கு மேல ஆழம், ஓடையை விட்டுத் தள்ளி, பேப்பரை மட்டும் புதைக்காம திரும்ப எடுத்துக்கிட்டு வரணும். பாலைவனத்துல எதுவும் சீக்கிரம் மக்காது, காத்தடிச்சா பேப்பர் எல்லாம் முள்ளுச்செடியில மாட்டிக்கிட்டு ஆடும், பாத்திருக்கேன், வயித்தைப் பிரட்டும்.

## 8. வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு என்ன பிளான்

லாஸ் ஏஞ்சல்ஸ்லேர்ந்து 140 மைல் தான், காலி ரோட்ல ரெண்டரை மணி நேரம், ஆனா வெள்ளி சாயங்காலம் ஐ-10ல நாலு மணி நேரம் கூட ஆகும். பத்து மணிக்கு வந்து சேர்ந்து ஹிடன் வேலியில இடம் தேடுறது வீண் வேலை, பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் அமைதி நேரம், லூப்ல ஹெட்லைட் போட்டுக்கிட்டு சுத்தினா திட்டு தான் விழும்.

நான் சொல்றது இது: முதல் சாய்ஸ், சனி ராத்திரிக்கு மட்டுமாவது இந்தியன் கோவ் இல்ல ரயான் புக்கிங். வெள்ளி ராத்திரிக்குக் கிடைக்கலைன்னா இலவச இடம், ஆனா அதை வீட்ல இருக்கும்போதே மேப்ல பின் பண்ணி, ஆஃப்லைன்ல இறக்கி, பிஎல்எம்க்கு ஃபோன் பண்ணி உறுதி பண்ணி வெச்சிருக்கணும். இருட்டுல பெரிய டென்ட் எல்லாம் விரிக்க வேண்டாம், கார் சீட்டை மடிச்சு, இல்ல தரையில ஸ்லீப்பிங் பேக். காலைல ஆறு மணிக்கே கிளம்பி வெஸ்ட் என்ட்ரன்ஸ் வரிசை நீளுறதுக்கு முன்னாடி உள்ள போயிடுங்க, வார இறுதியில ஒன்பது மணிக்கு மேல அந்த வரிசை ரோட்டுல ரொம்ப தூரம் நிக்கும்.

முதல் ட்ரிப்புக்கு என் ஓட்டு காசு குடுக்குற சைட்டுக்கு தான். ஏறவும் புதுசு, கேம்பிங்கும் புதுசு, ரெண்டையும் ஒரே நாள்ல கத்துக்க வேண்டாம்.

## 9. ஜோஷுவா ட்ரீ கணக்கை வேற இடத்துக்கு அப்படியே போடாதீங்க

லாஸ் வேகாஸ் பக்கத்துல ரெட் ராக் கேன்யன்ல இதே பிஎல்எம் தான் நிர்வாகம், ஆனா அங்க க்ளைம்பிங் பக்கத்துல சும்மா டென்ட் போட முடியாது. காசு குடுக்குற கேம்ப்கிரவுண்ட் ஒண்ணு இருக்கு, விசிட்டர் சென்டர்லேர்ந்து ரெண்டு மைல், கோடையில மூடிடுவாங்க, புக்கிங் வேணும். இலவசம்னா ஹைவே 160 வழியா லவ்வல் கேன்யன் ரோட்ல இருக்குற ஃபாரஸ்ட் நிலம், அரை மணி நேரத்துக்கு மேல டிரைவ், உயரம் ஜாஸ்திங்கிறதால குளிரும் ஜாஸ்தி. அக்டோபர் 1லேர்ந்து மே 31 வரைக்கும் காலை 8லேர்ந்து சாயங்காலம் 5க்குள்ள சீனிக் டிரைவ்ங்கிற உள் ரோட்டுக்குள்ள போக நேரம் குறிச்ச டிக்கெட் வேணும், 2 டாலர், என்ட்ரி காசு தனி. எட்டுக்கு முன்னாடி உள்ள போயிட்டா அந்த டிக்கெட் தேவையில்ல, அதனால கிட்ட தூங்குறவங்களுக்கு இங்க உண்மையிலயே லாபம். நீளமான ரூட் ஏறி லேட்டாகும்னு தெரிஞ்சா லேட் எக்சிட் பெர்மிட் முன்னாடியே எடுத்துடுங்க, இல்லைன்னா கேட் மூடுற நேரத்துக்கு அப்புறம் நிக்கிற காருக்கு ஃபைன் டிக்கெட் ஒட்டிடுவாங்க. வார நாள்ல கேசினோ ஹோட்டல் கேம்ப்சைட் விலைக்குக் கிடைக்குதேன்னு தோணும், புக் பண்றதுக்கு முன்னாடி ரிசார்ட் ஃபீ எவ்வளவுன்னு பாருங்க, சமயத்துல ரூம் வாடகையை விட அது கூட இருக்கும்.

யூட்டாவுல இந்தியன் க்ரீக் இன்னொரு மாதிரி. சூப்பர் போல், க்ரீக் பாஸ்சர், ஹாம்பர்கர் ராக்னு காசு குடுக்குற பிஎல்எம் கேம்ப்கிரவுண்ட் இருக்கு, வரிசைப்படி தான், குழி டாய்லெட் உண்டு, தண்ணி எங்கயும் கிடையாது. பக்கத்து ஊர்னா மோவாப் ஒரு மணி நேரத்துக்கு மேல, மான்டிசெல்லோ அதை விடக் கிட்ட. இங்க காசு குடுக்குற சைட்டுக்கும் இலவச சைட்டுக்கும் பாறை தூரத்துல பெருசா வித்தியாசம் இல்ல, அதனால ஜோஷுவா ட்ரீல போட்ட பெட்ரோல் கணக்கு இங்க வராது, டாய்லெட் வேணுமா வேண்டாமாங்கிறது மட்டும் தான் கேள்வி. அக்டோபர், நவம்பர்ல வியாழக்கிழமையே போயிடுங்க. மார்ச் 1லேர்ந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் பருந்து, கழுகு கூடு வைக்கிற சில பாறைகளைத் தவிர்க்கச் சொல்லுவாங்க, போறதுக்கு முன்னாடி லிஸ்ட்டைப் பாத்துட்டு எந்தப் பக்கம் தங்குறதுன்னு முடிவு பண்ணுங்க. அங்க இருக்குறது மணல்பாறை, மழை பெஞ்சா உள்ள ஈரம் போற வரைக்கும் ஏறக் கூடாது, பிடி உடைஞ்சு கையோட வந்துடும். காய ஒரு நாளும் ஆகலாம், ரெண்டு மூணு நாளும் ஆகலாம், ஏறாம உக்காந்திருக்குற அந்த நாளுக்கும் கேம்ப் காசும் தண்ணியும் வேணும், பட்ஜெட்ல அதையும் சேத்துக்கோங்க.